காசைக் கொடுத்தால் காற்று விலகுமா?

கொரோனாக் காலத்துக்குப் பிறகு எங்கட சனம் மறுபடியும் சைக்கிள் பக்கம் திரும்பியிருக்கிறது. லண்டனில் மட்டுமல்ல, பரிஸ், ரொறன்ரோ, சூரிச் என்று தமிழர் வாழும் நகரங்களில் ஞாயிறு விடியப்புறம் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஓடுகிறவர்களைக் காண முடிகிறது. நீரிழிவு, கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம் என்று நாற்பது வயதிலேயே குளிசைப் பெட்டியோடு திரியும் சமூகத்துக்கு இது நல்ல செய்தி. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் இந்தக் குழுக்கள் கோப்பிக் கடையில் நிற்கும்போது நடக்கிற பேச்சு அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "உன்ர எத்தனை கிலோ?" "ஏழுதான் மச்சான், முழுக்கக் காபன்." "அப்ப அடுத்த வருசம் நானும் மாத்தத்தான் வேணும்." கார் வாங்குவதிலும் கலியாண மண்டபம் பிடிப்பதிலும் இருந்த போட்டி இப்போது சைக்கிளுக்குள்ளும் வந்துவிட்டது. பத்தாயிரம் பவுணுக்கு மேல் விலைபோகும் சைக்கிள்கள் இருக்கின்றன. அவற்றைக் கடனுக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விலையைக் கேட்டுவிட்டு, "இது எங்களுக்குச் சரிவராது" என்று பிள்ளையை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போகும் தாய்தகப்பனும் இருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

இந்தப் பேச்சில் அடிப்படையே பிழை என்பது என் கருத்து. சமதரையில் சைக்கிளின் வேகத்துக்குப் பெரிய எதிரி காற்று. அந்தக் காற்றில் பெரும்பங்கை மறிப்பது சைக்கிள் அல்ல, அதில் இருக்கிற ஆள். ஆகவே காசு செலவழிக்கும் ஒழுங்கு தலைகீழாக மாறவேண்டும். அதைவிட முக்கியமாக, குழுவில் அந்தக் காற்றை யார் வாங்குவது என்பதையும் நாங்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கே பிறந்த பிள்ளைகள் ஏ லெவலில் படிக்கிற பௌதிகம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

சமதரையில் ஓடும்போது எங்களை இழுத்துப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ரயர் உருளும்போது வருகிற தடை. மற்றது காற்று. ரயரின் தடை வேகத்தோடு பெரிதாகக் கூடுவதில்லை. காற்று அப்படியல்ல. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கு தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆகவே காலிலிருந்து வரவேண்டிய வலு எட்டு மடங்காகிறது.

நிமிர்ந்து இருந்து ஓடுகிற ஒருவர் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்றைத் தள்ளுவதற்குச் சுமார் 40 வாட் போதும். பழைய குண்டு பல்ப் ஒன்றை எரிக்கிற வலு. அதே ஆள், அதே இருப்பில், மணிக்கு 40 கிலோமீற்றர் போக நினைத்தால் காற்றுக்கு மட்டும் சுமார் 330 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவருக்குச் சில நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத வலு அது. அந்த வேகத்தில் அவர் கொடுக்கும் வலுவில் 85 வீதத்துக்கு மேல் காற்றுக்கே போய்விடுகிறது.

காற்று ஏன் இவ்வளவு பிடிக்கிறது? முன்னால் நெஞ்சிலும் தோளிலும் காற்று மோதி அங்கே அமுக்கம் கூடுகிறது. முதுகுக்குப் பின்னால் காற்று ஒழுங்காக மூடிக்கொள்ள முடியாமல் சுழன்று திரிவதால் அங்கே அமுக்கம் குறைகிறது. முன்னால் தள்ளுகிறது, பின்னால் இழுக்கிறது. மனித உடல் மீனைப் போலப் படைக்கப்படவில்லை. காற்றின் கண்ணுக்கு நாங்கள் ஒரு நிமிர்ந்த பலகை. மொத்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆளுடையது. மிச்சக் கால் பங்குதான் சைக்கிளுடையது.

இது ஆய்வுகூடத்தில் மட்டும் தெரிகிற விசயமல்ல. ஊரில் சோழகம் அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிள் உழக்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரமில்லை, காற்று நேரே முகத்துக்கு. எதிர்க்காத்து மணிக்கு 20 கிலோமீற்றரில் அடிக்க, நீங்களும் 20 கிலோமீற்றரில் போக நினைத்தால், காற்றுக்குக் கொடுக்கவேண்டிய வலு அமைதியான நாளைவிட நான்கு மடங்கு. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் யாரும் சொல்லித்தராமலே கான்டிலுக்கு மேலே நெஞ்சைப் பதித்து, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி உழக்கினார்கள். சாறத்தை மடிச்சுக் கட்டினார்கள். அவர்களுடைய சைக்கிள் ரலியோ லுமாலாவோ, இருபது கிலோவுக்குக் கிட்ட இருக்கும். அந்தக் காற்றுக்குள்ளால் அவர்களைக் கொண்டுபோனது அந்தக் குனிவுதான்.

இனிப் பாரத்துக்கு வருவோம். சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் என்ன மிச்சம்? சமதரையில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், அரை வாட்டும் இல்லை. அதே வேகத்தில், நிமிர்ந்திருக்கும் முதுகைக் கொஞ்சம் தாழ்த்தி முழங்கையை மடக்கினால் சுமார் 17 வாட் மிச்சம். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில் பவுண். மறுபக்கம் ஒரு சதமும் இல்லை. மலை ஏறினால் கதை வேறுதான். 6 வீதச் சரிவில் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஏறுகிறவருக்கு ஒரு கிலோ குறைந்தால் இரண்டரை வாட் அளவில் மிச்சம் வரும். அங்கே பாரம் பேசும். ஆனால் சுவிஸில் இருக்கிறவருக்கு உள்ள நியாயம் கிழக்கு லண்டனிலோ ஸ்காபரோவிலோ இருக்கிறவருக்கு இல்லை. அதோடு, குறைக்க வேண்டிய கிலோ பெரும்பாலும் எங்கட வயிற்றில்தான் இருக்கிறது. அதை இறக்குவதற்கு எந்தக் கடையிலும் பில் போடுவதில்லை.

நான் விலை கூடிய சைக்கிளுக்கு எதிரி அல்ல. காற்றை வெட்டும் வடிவில் செய்த சட்டகம், ஆழமான றிம், நீண்ட ஹெல்மெற் எல்லாம் பயன் தருபவைதான். அவற்றைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் அவை கடைசியாக வரவேண்டியவை. அத்திவாரம் போடாமல் மேல்மாடிக்கு மாபிள் பதிக்கிற வேலையைத்தான் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த விளையாட்டின் வரலாறும் அதையே சொல்கிறது. 1989 யூலை 23ஆம் திகதி டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். வேர்சாயிலிருந்து பரிஸுக்கு 24.5 கிலோமீற்றர், ஒவ்வொருவராகத் தனியே ஓடவேண்டும். பிரான்ஸின் லோரன் ஃபின்யோன் 50 செக்கன் முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் தன் சைக்கிளில் முன்னுக்கு நீட்டிய ஒரு கைப்பிடியைப் பூட்டியிருந்தார். இரண்டு கையையும் நெருக்கி முன்னால் நீட்டிக்கொண்டு, முதுகு தட்டையாக, காற்றுக்கு ஏற்ற ஹெல்மெற்றோடு ஓடினார். ஃபின்யோன் வழமையான கைப்பிடியோடு, ஹெல்மெற் இல்லாமல், தலைமயிரைப் பின்னால் கட்டியபடி ஓடினார். அன்றைக்கு லெமொண்ட் 58 செக்கன் வேகமாக ஓடினார். மூன்று கிழமைப் போட்டியை 8 செக்கனில் வென்றார். அந்த நாளில் ஃபின்யோன் இருக்கைப் புண்ணால் அவதிப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் கைப்பிடியின் தலையில் கட்டமுடியாது. ஆனால் ஃபின்யோன் ஏழை அல்ல. அவருடைய சைக்கிளின் இரண்டு சில்லும் அந்தக் காலத்தில் விலை கூடிய தட்டுச் சில்லுகள். சைக்கிளில் எல்லாம் இருந்தது. காற்று பிடித்தது ஆளைத்தான்.

நாலு வருடம் கழித்து இன்னொரு கதை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓப்ரி தானே கட்டிய சைக்கிளோடு நோர்வேயின் ஹமார் நகரத்துக்குப் போனார். அந்தச் சைக்கிளில் உடுப்புத் தோய்க்கிற மெசினிலிருந்து கழற்றிய ஒரு பாகமும் இருந்தது என்பது பிரபலமான செய்தி. அவருடைய இரகசியம் இருப்பில்தான். கைகளை இறக்கை போல நெஞ்சுக்குக் கீழே மடக்கி, கான்டிலுக்கு மேலே முழுசாகக் கவிழ்ந்து ஓடினார். 1993 யூலை 17ஆம் திகதி ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி, ஒன்பது வருடமாக பிரான்செஸ்கோ மோசர் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். ஒரு கிழமைக்குள் கிறிஸ் போர்ட்மன் அதைத் தாண்டினார். அடுத்த வருடம் ஓப்ரி திரும்பவும் தாண்டினார். உடனே சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியமான யூ.சி.ஐ. அந்த இருப்பைத் தடைசெய்தது. அவர் கையை முன்னால் நீட்டும் 'சூப்பர்மேன்' இருப்பைக் கொண்டுவந்தார். பிறகு அதையும் தடைசெய்தது.

தடை புதிதல்ல. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் படுத்தபடி ஓடும் சைக்கிளில் ஒரு மணித்தியாலச் சாதனையை உடைத்தார். அடுத்த வருடமே அந்த வகைச் சைக்கிளைப் போட்டிக்குள் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. இத்தனை காலமாக விதி போடுகிறவர்கள் மறிக்கப் பார்த்ததில் பெரும்பகுதி ஆளின் இருப்பைத்தான். வேகம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு மறுமொழி வரும். "நாங்க என்ன, ஒலிம்பிக்ஸுக்கே போறம்? ஆறுதலா ஓடுற ஆக்களுக்குக் காத்து என்னத்துக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு எதிர்ப்பக்கமாக நிற்கிறது.

இரண்டு பேரை எடுப்போம். ஒருவர் 300 வாட் கொடுக்கக்கூடிய பலசாலி. மற்றவர் 150 வாட் கொடுக்கும் சாதாரண ஆள். இருவரும் தங்கள் காற்றுத் தடையை எட்டில் ஒரு பங்கு குறைக்கிறார்கள். காற்று அசையாத நாளில், சமதரையில் 100 கிலோமீற்றர் ஓடினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலசாலிக்கு 7 நிமிடம்வரை மிச்சம். சாதாரண ஆளுக்கு 8 நிமிடத்துக்கு மேல் மிச்சம். காரணம் இலகுவானது. மெதுவாகப் போகிறவர் காற்றுக்குள் கூட நேரம் நிற்கிறார். எதிர்க்காத்து அடித்தால் அவர் படுகிற பாடு இன்னும் கூட. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர், கடைக்குப் போகிறவர், ஐம்பது வயதில் முதல்முறையாக 60 கிலோமீற்றர் தர்ம ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தவர், இவர்களுக்குத்தான் இந்த அறிவு முதலில் வேண்டும்.

செய்யவேண்டியதும் பெரிய வித்தையல்ல. பிறேக் பிடியின் மேல் கையை வைத்தபடியே முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்குச் சமாந்தரமாகக் கொண்டுவாருங்கள். தோளைக் காதுக்குக் கிட்டத் தூக்காமல் ஒடுக்குங்கள். முழங்கால் இரண்டும் வெளியே அகலாமல் சட்டகத்துக்குப் பக்கத்தில் போகட்டும். காற்றில் படபடவென்று அடிக்கிற ஜாக்கெற்றின் சிப்பை மூடுங்கள். அவ்வளவுதான்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்கக் காற்றுச் சுரங்கமும் தேவையில்லை. வாகனம் வராத, மெதுவான ஓர் இறக்கத்தைத் தேடுங்கள். காற்றில்லாத காலை நேரமாக இருக்கட்டும். ஒரே இடத்திலிருந்து, உழக்காமல், ஒருமுறை நிமிர்ந்து இருந்தபடி உருளுங்கள். அடுத்த முறை குனிந்து உருளுங்கள். இரண்டு கையும் பிறேக்கில் இருக்கட்டும். கீழே எந்த இடத்தில் சைக்கிள் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளோடு செய்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பௌதிகமும் விளங்கும்.

அடுத்தது உடுப்பு. இதை எழுதாமல் விடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் விடப்போவதில்லை.

காற்றில் அடிபடும் தொளதொள உடுப்பு ஒரு சின்னக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் போல. உடலோடு ஒட்டிய சட்டை ஒன்று, ஒரு புதுச் சில்லைவிட எத்தனையோ மலிவு, செய்கிற வேலையோ பெரிது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கட பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் வருகிற கதை என்ன? "உந்த உடுப்போட றோட்டில திரியிறதோ? சனம் என்ன கதைக்கும்?" இதே உடுப்பை வயிறு தள்ளிய மாமா போட்டால் ஒரு பகிடியோடு முடிந்துவிடும். பதினாறு வயதுப் பிள்ளை போட்டால் குடும்ப மானப் பிரச்சினை. இப்படிக் கதை கேட்டுச் சைக்கிளை விட்ட பெண்பிள்ளைகள் உண்டு. நீச்சலையும் ஓட்டத்தையும் இதே காரணத்துக்காக விட்டவர்களும் உண்டு.

இந்தக் கதைகாரர்களுக்கு ஒரு தகவல். காற்று கேட்பது உடுப்பு ஆடாமல் இருக்கவேண்டும் என்பதை மட்டும்தான். உடம்பைக் காட்டச் சொல்லி அது கேட்கவில்லை. உலகத்தின் வேகமான வீரர்கள் தனியோட்டத்துக்கு முழுக்கைச் சட்டைதான் போடுகிறார்கள். வெறும் தோலைவிட, நெசவு சரியாக அமைந்த துணி காற்றை நன்றாக வழுக்கவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். முழுக்கை, கணுக்கால்வரை நீளும் காற்சட்டை, எல்லாம் போட்டுக்கொண்டே வேகமாக ஓடலாம். எதைப் போடுவது என்பது ஓடுகிறவளின் முடிவு. மற்றவர்கள் றோட்டைப் பார்த்து நடந்தால் போதும்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையில் வாங்கும் பல சைக்கிள்களின் கான்டில் எங்கட பெண்களின் தோளுக்கு அகலம் கூட. கையை விரித்துப் பிடித்தால் நெஞ்சு காற்றுக்குத் திறந்து கிடக்கும், தோளும் நோகும். உச்சப் போட்டிகளிலும் இதே தகராறு இருக்கிறது. 2026இலிருந்து சாலைப் போட்டிகளில் கான்டிலின் வெளி அகலம் 400 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று யூ.சி.ஐ. விதி கொண்டுவந்தபோது, சிறிய உடல்வாகு உள்ள பெண் வீரர்களுக்கு இது அநியாயம் என்று எதிர்ப்பு எழும்பியது. விதி பாதுகாப்புக்காக என்றார்கள். யாருடைய உடலை மனதில் வைத்து அளவு எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நாங்கள் போட்டிக்குப் போகாதவர்கள். எங்களை எந்த விதியும் தடுக்கவில்லை. தோளுக்கு ஏற்ற கான்டிலைப் பூட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. குனிவது நல்லது என்றால் கூடக் குனிவது கூட நல்லது என்று அர்த்தமில்லை. ஓர் அளவுக்கு மேல் தாழ்ந்தால் இடுப்பு மடிந்து காலின் வலு குறையும், மூச்சு முட்டும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்க முடியாமல் றோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறவர் பஸ்ஸுக்குள் போய்விடுவார். இருபத்தைந்து வயது வீரருடைய படத்தைப் பார்த்துவிட்டு அதேபோல் கான்டிலை இறக்குகிற ஐம்பது வயதுக்காரர், மூன்றாம் கிழமை நாரி நோவோடு பிசியோவிடம் போவார். விரல் விறைத்துப்போனாலோ கழுத்து தொடர்ந்து நொந்தாலோ அந்த இருப்பு உங்களுக்கு உரியதல்ல. இரண்டு மணித்தியாலம் வசதியாக வைத்திருக்கக்கூடிய இருப்பே உங்களுடைய வேகமான இருப்பு. அதனால்தான் புதுச் சைக்கிளுக்கு முன்னால், சீற்றின் உயரத்தையும் கான்டிலின் தூரத்தையும் உடம்புக்கு ஏற்ப அளந்து பொருத்துகிற ஒருவரிடம் போங்கள் என்கிறேன். அதற்குச் செலவாகும் காசு நல்ல சைக்கிள் ஒன்றின் விலையில் சின்னத் துண்டு.

இளம்பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2016இல் கிறிஸ் ஃபுரூம் பிரனே மலை இறக்கத்தில் சீற்றை விட்டிறங்கி, சட்டகத்தின் மேல்குழாயில் குந்தியபடி பறந்துபோய் டூர் டி பிரான்ஸின் ஒருநாள் ஓட்டத்தை வென்றார். அந்தக் காட்சி உலகமெல்லாம் ஓடியது. 2021 ஏப்ரலில் அந்த இருப்பை யூ.சி.ஐ. தடைசெய்தது. பிடி தளர்ந்தால் தப்ப வழியில்லை என்பதால்தான். முன்னுக்கு நீட்டிய கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவதும் அதே அளவு ஆபத்து. கை பிறேக்கில் இல்லாதவருக்குப் பின்னால் யாரும் நிம்மதியாக ஓடமுடியாது.

இனி நான் உண்மையில் சொல்லவந்த இடம்.

ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் இன்னொருவருக்குப் பின்னால் ஓடுவதில் இருக்கிறது. ஒரு சைக்கிளுக்கு நெருக்கமாகப் பின்னால் போகிறவருக்குக் காற்றுத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையலாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ட் புளொக்கன் குழுவினர் 2018இல் 121 பேர் கொண்ட பெரிய கூட்டத்தை ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் நல்ல மறைவில் இருப்பவருக்கு, தனியே ஓடும்போது இருக்கும் தடையில் 5 முதல் 10 வீதம்தான் எஞ்சுகிறது என்று கண்டார்கள். எங்கட ஞாயிற்றுக்கிழமைக் குழு அவ்வளவு பெரிதுமில்லை, அவ்வளவு நெருக்கமாக ஓடவும் கூடாது. ஆனாலும் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விட்டாலும் மறைவு கிடைக்கும். ஊரில் டபிள்ஸ் போனபோது கரியரில் இருந்தவருக்குக் காற்றே தெரியாமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். இன்னொரு விசயமும் உண்டு. பின்னால் ஆள் வந்தால் முன்னால் போகிறவருக்கும் சிறிதளவு நன்மைதான். அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும் அமுக்கக் குறைவைப் பின்னால் வருகிறவர் கொஞ்சம் நிரப்புகிறார்.

அப்படியென்றால் எங்கட குழுக்களில் என்ன நடக்கிறது? பலசாலிகள் இரண்டு பேர் முதல் பத்து நிமிடத்தில் பறந்துவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க நினைத்து அடுத்த மூன்று பேர் மூச்சிரைப்பார்கள். கடைசியில் புதிதாக வந்த ஒருவர், அநேகமாக ஒரு பெண்ணோ வயது போனவரோ, தனியே எதிர்க்காத்துக்குள் விடப்படுவார். குழுவிலேயே வலு குறைந்தவருக்கு முழுக்காற்றும், வலு கூடினவர்களுக்கு ஒருவருக்கொருவர் மறைவும். பௌதிகத்தின்படியும் இது மடைவேலை, மனிசத்தன்மையின்படியும் சரியில்லை. அடுத்த ஞாயிறு அவர் வராமல் விட்டால், "அவவுக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போவோம். ஏலாமல் செய்தது யார்?

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். சைக்கிள் குழுவில் இதைத் தலைகீழாக்க வேண்டும். பலமுள்ளவர் காற்றுக்கு முந்தவேண்டும். அதற்காக அவர் தியாகியாகத் தேவையில்லை. இரண்டு மூன்று நிமிடம் முன்னால் நின்றுவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி, கடைசிக்கு வந்து ஆறலாம். அடுத்தவர் முன்னுக்குப் போவார். ஏலாதவர் நடுவிலேயே இருக்கட்டும். இப்படி மாறி மாறி ஓடினால் முழுக்குழுவும் தனியொருவரைவிட வேகமாகப் போகும். வேகத்துக்காகவே யோசித்தாலும் சேர்ந்து ஓடுவதே லாபம்.

எங்கட சமூகத்துக்கு இது தெரியாத பாடமும் அல்ல. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடுகிற காலத்தில், நீதி கேட்டு ஐரோப்பிய நகரங்களிலிருந்து அங்கே போகும் ஈருருளிப் பயணங்களை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். குளிருக்குள்ளும் மழைக்குள்ளும் நாட்டுக்கு நாடு கடந்து போகும் அந்தப் பயணத்தில் முதலாவதாக வந்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லாரும் போய்ச் சேர்ந்தார்களா என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வி ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் பொருந்தும்.

சேர்ந்து ஓடுவதற்குப் பழக்கம் வேண்டும், அதுதான் இங்கே உண்மையான செலவு. முன்சில்லை அடுத்தவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் முட்டினால் விழுவது பின்னால் வருகிறவர்தான். திடீரென்று பிறேக் அடிக்கக் கூடாது. குழி, கார், நாய் எதைக் கண்டாலும் முன்னால் போகிறவர் கையைக் காட்டிச் சத்தம் போடவேண்டும். புதியவர் இடைவெளியைக் கூட விட்டு ஓடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாகனம் வராத ஒரு தரிப்பிடத்தில் இரண்டு காலை சொல்லிக்கொடுத்தால் இது வந்துவிடும்.

ஆகவே குழு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வருடத் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ஜேர்சி அடிக்கக் காசு சேர்க்கிறீர்கள். அதோடு சேர்த்து, புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு பயிற்சிக் காலைகளையும் வையுங்கள். உடம்புக்கு அளவு பொருத்தத் தெரிந்த ஒருவரை ஒருநாள் கூப்பிட்டு எல்லாருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சைக்கிளோடு வருகிற பிள்ளையின் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கத்தை நிப்பாட்டுங்கள். உடுப்பைப் பற்றிக் கதைக்கிறவருக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பலமான ஒருவரைக் கடைசி ஆளோடு விடுங்கள்.

தாய்தகப்பனுக்கும் ஒரு சொல். பிள்ளை சைக்கிள் ஓட ஆசைப்பட்டால் விலையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அளவு சரியான, பிறேக் ஒழுங்காகப் பிடிக்கிற, கைமாறின சைக்கிள் ஒன்று போதும். ரயருக்குச் சரியாகக் காற்றடியுங்கள், ஹெல்மெற் புதிதாக வாங்குங்கள், உடம்போடு ஒட்டிய ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள். மிச்சத்தைப் பிள்ளையின் முதுகும் முழங்கையும் பார்த்துக்கொள்ளும். பத்தாயிரம் பவுண் சைக்கிளில் நிமிர்ந்து போகிற ஆளை அந்தப் பிள்ளை ஒருநாள் தாண்டிப் போகும். தாண்டும்போது அவரைத் தனக்குப் பின்னால் வரச் சொல்லிக் கூப்பிடவும் அதுக்குப் பழக்கிவிடுங்கள்.